பூனைக்குச் சர்க்கரை நோய்: நம் வீட்டு அனுபவம் எதுவரை உதவும்?

தமிழ்நாட்டில் சர்க்கரை நோயைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது; தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்சுலின், அலமாரியில் குளுக்கோமீட்டர், காலை மாலை ஊசி போடப் பழகிய ஒரு கை: இவை இல்லாத தெரு இன்று அரிது.

அதே வீட்டில் ஒரு பூனையும் வளர்கிறது. அதற்கும் இதே நோய் வரலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களில் பாதிப் பேர் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிடுகிறார்கள். மீதிப் பேர் 'அப்பாவுக்குக் கொடுப்பதையே இதற்கும் கொடுத்தால் என்ன' என்று கேட்கிறார்கள். இரண்டும் ஆபத்து. பூனையின் சர்க்கரை நோயைச் சமாளிக்கத் தேவையான கருவிகளும் பழக்கமும் பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் மனிதருக்கான அறிவில் எது பூனைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த அறிவே பூனையைக் கொன்றுவிடும். அப்படிப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. களம் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு எதிர்ப்புறம், மலையின் மேற்கே இருக்கும் அடி அண்ணாமலை. பெரிய கால்நடை மருத்துவமனை எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு கோயில் ஊரில் இந்த நோயோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் கேள்வி.

நோய் எப்படி வருகிறது

நாய்க்கு வரும் சர்க்கரை நோயும் பூனைக்கு வருவதும் ஒன்றில்லை. நாயின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் அழிந்தே போகின்றன. அதற்கு வாழ்நாள் முழுதும் ஊசிதான். பூனைக்கு வருவது நம் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நோயை ஒத்தது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் மேலும் மேலும் சுரந்து ஓய்ந்துபோகும்.

இந்த ஒற்றுமை மேலோட்டமானதும் இல்லை. 1987-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வெஸ்டர்மார்க் குழுவினர் ஒரு மனிதக் கணையக் கட்டியிலிருந்தும் சர்க்கரை நோயுள்ள பூனையின் கணையத்திலிருந்தும் ஒரே வகைப் புரதப் படிவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் அமைலின் என்ற பொருள் திரண்டு, செல்களுக்கு நடுவே படிந்து அவற்றை முடக்குகிறது. எலிகளின் அமைலின் அமைப்பில் சிறிய வேறுபாடு இருப்பதால் அவற்றுக்கு இந்தப் படிவு உண்டாவதில்லை. மனிதரின் சர்க்கரை நோயை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூட எலி உதவாத இடத்தில் வீட்டுப் பூனை உதவியிருக்கிறது.

எந்தப் பூனைக்கு வருகிறது? பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில் சுமார் 200 பூனைகளுக்கு ஒன்று. நடுவயதைத் தாண்டியவை, கருத்தடை செய்த கடுவன்கள், வீட்டைவிட்டு வெளியே போகாதவை, உடம்பு பெருத்தவை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிப் பெருத்த பூனைக்கு, சரியான எடையுள்ள பூனையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்து. அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் நோயைக் கொண்டுவரும். கணைய அழற்சி, மூளையடிச் சுரப்பியில் உண்டாகும் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. மருந்து எவ்வளவு கூட்டினாலும் சர்க்கரை இறங்காத பூனைக்கு அந்தக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது வழக்கமாகி வருகிறது.

இந்தியாவில் இதுபோன்ற கணக்கே இல்லை. 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் நாய் உண்டு, முயல் உண்டு, யானை உண்டு, பூனைக்கு இடமில்லை. எத்தனை பூனைகள் இருக்கின்றன என்றே எண்ணாத நாட்டில் எத்தனைக்குச் சர்க்கரை என்று கேட்க முடியாது. ஆனால் காரணங்கள் எல்லாம் நம்மிடம் வந்துவிட்டன. ஓட்டு வீட்டில் எலி பிடித்து, மதில் தாண்டித் திரிந்த பூனை இப்போது கம்பிக் கதவுக்குள், மாடி வீட்டில், கிண்ணம் நிறைய உலர் தீனியோடு படுத்திருக்கிறது.

எறும்பு சொல்லும் சேதி

பூனை நோயை மறைக்கும் பிராணி. ஆனாலும் நான்கு குறிகளை மறைக்க அதனால் முடியாது: அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அதிகமாக மூத்திரம் போவது, நன்றாகத் தின்பது, தின்றும் இளைப்பது. மணல் தட்டில் சாணி உருண்டை அளவுக்கு ஈரக்கட்டி விழுவதும், குளியலறை வாளியில் வாய் வைப்பதும், தட்டைச் சுற்றி எறும்பு சாரை பிடிப்பதும் கவனிக்க வேண்டியவை. நம் வீடுகளில் மனிதருக்குச் சர்க்கரை வந்ததைக் காட்டிக்கொடுத்த அதே எறும்பு பூனைக்கும் காட்டிக்கொடுக்கும். நோய் முற்றினால் பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, விரல் நுனியில் நடக்கும் பூனை குதிகாலை மண்ணில் பதித்து நடக்கும். மதில் மேல் தாவாது, கட்டிலுக்கும் ஏறாது. வயசாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நோயை முடிவு செய்வது இங்கே நடக்கும் முதல் தவறு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் உட்காரவைத்தால் நலமான பூனைக்கே பயத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டலாம். (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற நம் வழக்கமான கணக்குதான் இந்தக் கட்டுரை முழுவதும்.) மனிதருக்கு 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், பூனைக்கு ஏறக்குறைய 270 வரை தாங்கும். ஆகவே சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் சாவகாசமாக இருக்கும்போது எடுத்த சிறுநீரிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீர ஃபிரக்டோசமின் என்ற பரிசோதனை இருக்கிறது. மனிதருக்கு மூன்று மாதச் சராசரியை ஹெச்பிஏ1சி காட்டுவதுபோல, பூனைக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியை இது காட்டும். அன்றைய பயம் இதைப் பாதிக்காது. திருவண்ணாமலையிலேயே ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். பூனையைச் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிவரை தூக்கிப்போக வேண்டிய அவசியம் இதற்கு இல்லை.

இன்சுலின்: ஒரு கோட்டில் இருக்கும் உயிர்

1921-ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கண்டெடுத்த இன்சுலின் நூறாண்டு கடந்தும் பூனைச் சிகிச்சையின் மையத்தில் இருக்கிறது. மனிதரைப் போல முதலில் மாத்திரை, முடியாவிட்டால் ஊசி என்ற வரிசை பூனைக்குப் பொருந்தாது. நோய் தெரிந்தவுடனே ஊசி தொடங்கினால்தான் ஓய்ந்துபோன கணையம் தலையெடுக்க வாய்ப்பு கிடைக்கும்.

எந்த இன்சுலின்? மேல்நாடுகளில் விலங்குகளுக்கென்றே தயாராகும் வகைகள் உண்டு. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் பூனைக்கு மிகவும் ஏற்றது மனிதருக்கான கிளார்ஜின். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ராண்ட் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. புதிதாக நோய் கண்ட 24 பூனைகளை எட்டெட்டாகப் பிரித்து மூன்று வகை இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். கிளார்ஜின் எடுத்த எட்டும் ஊசி தேவைப்படாத நிலைக்கு வந்தன. மற்ற இரண்டு வகைகளில் முறையே மூன்றும் இரண்டும் மட்டுமே. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் பூனை மருத்துவத்தின் போக்கை அது மாற்றியது.

அதே ஆண்டு ராண்டும் ரூம்ப் என்ற ஆய்வாளரும் 55 பூனைகளைப் பற்றி எழுதிய இன்னோர் ஆய்வு காலத்தின் மதிப்பைக் காட்டுகிறது. வீட்டிலேயே அளந்து, கிளார்ஜினை நெருக்கமாகச் சரிசெய்தபோது, நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம் ஊசியிலிருந்து விடுபட்டன. தாமதமாகத் தொடங்கியவற்றில் 35 சதவீதம்தான். எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வளவு உயர்ந்த விகிதம் கிடைப்பதில்லை. என்றாலும் 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது உறுதி.

வழக்கமான தொடக்க அளவு, பூனை ஒன்றுக்கு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்பா 20 யூனிட், 30 யூனிட் போடுவதைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். நாலு கிலோ உடம்புக்கு அந்த ஒரு யூனிட்டே பெரிது. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; நாமாகக் கூட்டவே கூடாது.

இங்கேதான் இந்தியாவுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகள் பரவலாக விற்கின்றன. அவற்றுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் கிளார்ஜினை எடுத்து 'இரண்டு' என்ற கோட்டில் நிறுத்தினால் உள்ளே இருப்பது ஐந்து யூனிட். அதைப் போட்ட பூனை விடிவதற்குள் மயங்கிவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் சிவப்பு மூடிச் சிரிஞ்சு வைத்திருந்தால் பூனையின் சிரிஞ்சை வேறு டப்பாவில், வேறு அலமாரியில் வைக்க வேண்டும். அரை யூனிட்டாக ஏற்றி இறக்க வேண்டி வந்தால், குழந்தைகளுக்கான அரை யூனிட் பேனா கிடைக்கிறதா என்று மருந்துக்கடையில் கேட்கலாம்.

ஊசி போடுவது பயந்த அளவுக்குக் கடினமில்லை. பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம்போல் லேசாகத் தூக்கி, ரோமத்தை விலக்கி, மெல்லிய ஊசியைத் தோலடியில் செலுத்தினால் பல பூனைகள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. மருந்து ரோமத்தில் வழிந்துவிட்டதா, உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை மருந்து குறைந்தால் பூனை பிழைக்கும். இருமடங்கானால் பிழைப்பது நிச்சயமில்லை. பூனை சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

என்ன போடுவது தட்டில்

பூனை பிறவியிலேயே ஊன் உண்ணி. அதன் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி இல்லை. சாப்பாட்டுக்குப் பின் திடீரென ஏறும் சர்க்கரையைப் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் நொதியின் வேலை அதன் கல்லீரலில் மிகவும் குறைவு. 2005-ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் வெளியிட்டபடி, இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பகுதிக்கான மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. இனிப்பு என்ற சுவையே அதற்குத் தெரியாது. பாலுக்கு வருவது கொழுப்பின் மணத்துக்காக.

திருவண்ணாமலையில் சைவம் உண்ணும் வீடுகள் அதிகம், ஆசிரமங்களும் அதிகம். அங்கே பூனைக்குக் கிடைப்பது பால்சோறும் தயிர்ச்சோறும். அன்னதானம் நடக்கும் நாளில் பொங்கலும் சேரும். அன்போடு போடும் சோறுதான். எலியும் பல்லியும் பிடித்துத் தின்னும் தெருப்பூனை அதைச் சமாளிக்கும். வீட்டுக்குள் இருக்கும் சர்க்கரைப் பூனைக்கு அது ஒவ்வாது. மாவுச்சத்து மட்டுமே நோயை உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. உடற்பருமனும் அசையாமல் கிடப்பதும்தான் தெளிவாகத் தெரிந்த காரணங்கள். ஆனால் நோய் வந்த பிறகு மாவுச்சத்தைக் குறைப்பது ஊசியிலிருந்து விடுபட உதவுகிறது என்பதில் பூனை மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். உணவின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 12 சதவீதத்துக்குக் கீழே மாவுச்சத்து இருக்கச் சொல்கிறார்கள். பல உலர் தீனிகளில் அது 30 சதவீதத்தைத் தாண்டும். ஈரத்தீனியில் பொதுவாகக் குறைவு.

மனிதருக்குச் சொல்லும் கேழ்வரகும் கம்பும் சிறுதானியக் கஞ்சியும் இங்கே பயன்படா. பூனைக்கு அவையும் மாவுதான். வேகவைத்த கோழியும் மீனும் நல்லவை. அவற்றை மட்டுமே போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் சுண்ணாம்புச் சத்தும் டாரினும் குறைந்து எலும்பும் இதயமும் கண்ணும் கெடும். மருத்துவர் சொல்லும் சத்துப்பொடி சேர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் போட்டுச் சமைத்த குழம்பிலிருந்து எடுத்த மீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். சமையல் தொடங்கும் முன்பே பூனையின் பங்கை உப்பில்லாமல் தனியே வேகவைத்துவிடுவது நல்லது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குத் திடீரென உணவை மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும். பெருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைத்தால் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைவதே போதும். ஏகாதசி, பிரதோஷம் என்று வீட்டார் விரதம் இருக்கலாம். சர்க்கரைப் பூனைக்கு விரதம் கிடையாது.

காதோரத்தில் ஒரு துளி ரத்தம்

மருத்துவமனையில் எடுக்கும் அளவு பயத்தால் கூடும் என்பதால், வீட்டில் எடுக்கும் அளவுதான் உண்மைக்கு நெருக்கமானது. பூனையின் காதின் வெளி ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். விளக்கு வெளிச்சத்தை அடியிலிருந்து காட்டினால் சிவப்புக் கோடாகத் தெரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் சிறிது நேரம் ஒற்றியெடுத்து, பின்புறம் பஞ்சை அண்டக்கொடுத்து, ஓரத்தில் லான்செட்டால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் முத்தாகத் திரளும். குளுக்கோமீட்டர் பட்டையின் நுனியை அதில் தொட்டால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சால் அழுத்திப் பிடித்துவிட்டு, பிடித்த கறித்துண்டு ஒன்றைக் கொடுத்தால் சில நாளில் மீட்டர் பையைத் திறக்கும் சத்தத்துக்கே பூனை வந்து உட்காரும்.

மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ரத்தத்தில் சர்க்கரை எந்த விகிதத்தில் அணுக்களிலும் நீர்ப்பகுதியிலும் பிரிந்து நிற்கிறது என்பது மனிதருக்கும் பூனைக்கும் வேறு. அதற்காக மீட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரே மீட்டரை எப்போதும் பயன்படுத்தி, எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்பப் புரிந்துகொள்வார். மனிதர் கையில் ஒட்டும் தொடர் உணரிக் கருவிகளையும் ரோமம் மழித்த இடத்தில் பூனைக்கு ஒட்டிப் பார்க்கிறார்கள். குத்தாமலே அளவு தெரியும் என்பது பெரிய வசதி. ஆனால் கருவியின் 14 நாள் ஆயுள் முடியும் முன்பே பல பூனைகள் அதைப் பிய்த்துவிடுகின்றன.

மாதம் ஒருமுறையோ அளவு மாற்றிய பின்னரோ, காலை ஊசியிலிருந்து மாலை ஊசிவரை இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். அந்த வரிசையில் மிகக் குறைந்த அளவு எது, அது எத்தனை மணிக்கு வந்தது என்பதை வைத்தே மருத்துவர் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். குறைந்த அளவு 80-க்கும் 150-க்கும் நடுவே நிற்பது நல்ல நிலை. 80-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அளவு, நேரம், தின்றது, எடை, தண்ணீர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் தொலைபேசியில் பேசும் மருத்துவருக்கும் அது கண்ணாக இருக்கும்.

சர்க்கரை ஏறியிருப்பது மெல்ல வாட்டும். இறங்கினால் நிமிடங்களில் கொல்லும். 60-க்குக் கீழே போனாலோ, பூனை தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, கத்தினாலோ, இழுப்பு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. விழுங்கும் தெளிவு இருந்தால் உடனே உணவு. இல்லாவிட்டால் தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலில் எடுத்து ஈறில் தடவ வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். தேறிவிட்டாலும் மருந்தின் வேலை பல மணி நேரம் நீளும் என்பதால் மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். எதிர்ப்புறத்தில் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் பெருகும் நிலை: சாப்பிடாது, வாந்தி, சோர்வு, மூச்சில் ஒரு வித வாடை. இதுவும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

மாத்திரை, மூலிகை, புதிய மருந்து

வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மெட்ஃபார்மின் பூனைக்கு உருப்படியான பலன் தரவில்லை. வாந்தியும் பசியின்மையும்தான் மிச்சம். கிளிப்பிசைடு சில பூனைகளில் வேலை செய்யும். ஏற்கெனவே ஓய்ந்த கணையத்தை அது மேலும் விரட்டுகிறது என்பதால் ஊசிக்கு வழியே இல்லாதபோதுதான் மருத்துவர்கள் அதைத் தொடுகிறார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள். அமெரிக்காவில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் திரவ மருந்துக்கு 2023-லும் பூனைகளுக்கென அனுமதி கிடைத்தது. நாளுக்கு ஒருமுறை வாய்வழி, ஊசி இல்லை, சர்க்கரை அபாயமாக இறங்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் எல்லாப் பூனைக்கும் இது ஆகாது. கணையத்தில் இன்சுலின் கொஞ்சமாவது மிச்சமிருக்க வேண்டும்; நன்றாகச் சாப்பிட வேண்டும்; கீட்டோன் இருக்கக் கூடாது. மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே உள்ளே கீட்டோன் பெருகி உயிரைப் பறிக்கலாம் என்பதால் முதல் வாரங்களில் நெருங்கிய கண்காணிப்பு வேண்டும். இதே குடும்பத்து மனித மருந்தான டாபாகிளிஃப்ளோசின், 2020-ல் காப்புரிமை முடிந்த பிறகு நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதை உடைத்துப் பூனைக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும்.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை ஆகியவற்றில் மனிதருக்குப் பலன் கண்டவர்கள் உண்டு. பூனையின் கல்லீரல் பல தாவரப் பொருள்களையும் மருந்துகளையும் நம்மைப்போல் முறித்து வெளியேற்றாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வது இதனால்தான். பூனையிடம் சோதித்துப் பாராத மூலிகையை ஊசிக்கு மாற்றாக வைப்பது, குணமாகும் வாய்ப்புள்ள அந்த முதல் ஆறு மாதத்தை வீணாக்குவதாகும்.

இந்த ஊரில் நடைமுறை

அடி அண்ணாமலையின் நிலைமைக்கு ஏற்ப இதையெல்லாம் ஒழுங்கு செய்ய வேண்டும். முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் இங்கே 40 பாகையைத் தொடும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். திறந்தது 30 பாகையைத் தாண்டக் கூடாது. உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்து வீண். நீண்ட மின்தடையின்போது ஈர மணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் சிறிய மண்கலத்தை வைத்து, அதற்குள் நீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்தால் அறையின் வெப்பத்தைவிடச் சில பாகை குறையும். அவசரத்துக்கு இது கைகொடுக்கும். மூன்று மில்லிலிட்டர் கிளார்ஜினில் 300 யூனிட் இருக்கிறது. வேளைக்கு ஒரு யூனிட் போடும் பூனை, திறந்தபின் பயன்படுத்தலாம் என்று உறையில் சொல்லும் 28 நாளில் 56 யூனிட்தான் செலவழிக்கும். ஆகவே பெரிய குப்பி வாங்குவதில் லாபமில்லை. சிறிய கார்ட்ரிட்ஜே போதும்.

அடுத்தது கூட்டம். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் கிரிவலப் பாதை மனிதத் தலையாக நிறைந்து வாகனப் போக்குவரத்து நின்றுவிடும். அன்றைக்கு மருந்து தீர்ந்தால் வாங்கப் போக முடியாது. பூனைக்கு இழுப்பு வந்தால் ஆட்டோ வராது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே மருந்து, சிரிஞ்சு, பட்டை, தேன் இருப்பதைப் பார்த்துவைப்பதும், அந்த நாளில் புதிதாக அளவைக் கூட்டாமல் இருப்பதும் நல்லது.

மூன்றாவது மருத்துவம். அரசுக் கால்நடை மருந்தகங்களும் 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் ஊர்தியும் முதன்மையாக மாடு, ஆடுகளுக்கானவை. மக்கள் 'மாட்டாஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். தெருநாய்களுக்கும் அடிபட்ட பிராணிகளுக்கும் ஊரில் காப்பகம் இயங்குகிறது. ஆழ்ந்த பரிசோதனைக்குச் சுமார் 100 கிலோமீட்டரில் புதுச்சேரியின் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம், அதைத் தாண்டினால் 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி. தொடக்கத்தில் ஒருமுறை அங்கே காட்டிச் சிகிச்சையை வகுத்துக்கொண்டு, உள்ளூர் மருத்துவரோடு இணைத்து, வீட்டு அளவுகளைத் தொலைபேசியில் சொல்லி நடத்துவதே இங்கே நடக்கக்கூடிய வழி.

நான்காவது ஆள். ரமணாசிரமப் பகுதியிலிருந்து அடி அண்ணாமலைவரை, பனிக்காலத்தில் வந்து வெயிலுக்கு முன் கிளம்பிவிடும் வெளிநாட்டவரும் வெளியூராரும் பூனை வளர்க்கிறார்கள். நாளுக்கு இருமுறை ஊசி தேவைப்படும் பூனையை, சோறு வைக்க மட்டும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஊசி போடப் பழகலாம். தன் மாமியாருக்குப் போட்டுப் பழகியவர்கள் இங்கே பலர். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுப்பதும், எந்தச் சிரிஞ்சு, எந்தக் கோடு என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் வளர்ப்பவரின் கடமை.

செலவும் கடமையும்

ஒரு பூனைக்காக இவ்வளவா என்ற கேள்வி வரும். 2017-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், சர்க்கரை நோய் தெரிந்த நாய், பூனைகளில் பத்தில் ஒன்றை அப்போதே கருணைக்கொலை செய்துவிடுகிறார்கள், இன்னும் ஒன்றை ஓராண்டுக்குள் என்று கால்நடை மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். செலவும், அன்றாட வாழ்க்கை கட்டுப்படுவதும், வேறு நோய்கள் சேர்ந்திருப்பதும் காரணங்கள். நம் ஊரில் கொல்ல மனம் வராது. அதனால் நடப்பது பெரும்பாலும் சிகிச்சையே இல்லாமல் வாடவிடுவது. அது கருணை ஆகாது. வைத்தியம் செய்ய முடியாத நிலை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, பூனை படும் துன்பத்தைக் குறைக்கும் வழியைத் தேடுவதே நேர்மை.

ஆனால் முயல்வதற்கு நியாயம் நிறைய இருக்கிறது. ஊசியிலிருந்து விடுபடும் வாய்ப்பு நாய்க்குப் பெரும்பாலும் இல்லை, பூனைக்கு உண்டு. ஊசி இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சாதாரணமாக நின்றால் அதை விடுபட்ட நிலை என்கிறார்கள். மீண்டும் வரலாம் என்பதால் உணவும் மாதம் ஒருமுறை அளப்பதும் தொடர வேண்டும். இந்த ஊருக்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், மான் வள்ளிக்கும், ஒரு காக்கைக்கும், நாய் ஜாக்கிக்கும் சமாதிகள் இருக்கின்றன. 1948-ல் லட்சுமி இறந்த நாளில் ரமணர் அதன் பக்கத்தில் வந்து அமர்ந்திருந்தார். பிராணியின் கடைசிக் காலம் மனிதரின் நேரத்துக்குத் தகுதியானது என்பதை அடி அண்ணாமலைக்காரர்களுக்கு வெளியார் வந்து சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் இல்லை. ஏழு வயது தாண்டிய பூனையை ஆண்டுக்கொருமுறை எடை பார்த்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். கால்நடை மருந்தகங்கள் சிறுநீர்ப் பட்டையும் ஃபிரக்டோசமினுக்கு ரத்தம் அனுப்பும் ஏற்பாடும் வைத்துக்கொள்ளலாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சர்க்கரைப் பூனைகளின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினால் நம் பூனைகளைப் பற்றி நம்முடைய கணக்கே கிடைக்கும். மருந்துக்கடைக்காரர் இன்சுலினைக் கொடுக்கும்போது எந்தச் சிரிஞ்சு என்று ஒரு வார்த்தை கேட்டால் சில உயிர்கள் தப்பும். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இரண்டு: தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறது என்று தெரிந்த வாரத்திலேயே பூனையை மருத்துவரிடம் காட்டுவது, அப்பாவின் மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் அந்த மருத்துவரைக் கேட்பது.